போர் விளையாட்டில் குதிரை வண்டி

சதுரங்கப் பலகையிலே குதிரைக்கு ஓர் இடம் உண்டு. அது மற்றக் காய்களைத் தாண்டிச் செல்லும். எத்தனை முறை தாண்டினாலும் களைப்படையாது. ஆட்டம் முடியும்வரை ஒரு பிடி புல்லும் கேளாது. சதுரங்கம் ஆடிப் பழகிய மாணவர்கள் போர்த்தந்திர விளையாட்டுக்கு வரும்போது இந்த நினைவையே உடன் கொண்டுவருவதை நான் கண்டிருக்கிறேன். குதிரை வண்டிப் படையைக் கண்டதும், 'இது மெதுவாகச் செல்லும் லாரி' என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம் ஏன் பிழையானது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வரைபடத்தின்மேல் படைகளை நகர்த்திப் போரைப் பயிலும் முறைக்குப் பிரஷ்ய நாட்டிலே உருவம் கொடுத்தவர்கள் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் ஆவர். மகன் 1824-இல் வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு நகர்வும் போர்க்களத்தின் இரண்டு நிமிடங்களைக் குறிக்கும். பகடை உண்டு, தீர்ப்புக் கூற நடுவர் உண்டு. இன்று நாம் அட்டையிலும் கணிப்பொறித் திரையிலும் ஆடும் ஆட்டங்கள் பல அந்த மரபில் வந்தவை.

அவற்றுள் 1941-ஆம் ஆண்டு ஜெர்மானியர் ரஷ்யாவின்மீது படையெடுத்த கதையை எடுத்துக்கொள்வோம். அந்தப் படை டாங்கிகளாலும் மோட்டார்களாலும் ஆனது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அதனுடன் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் சென்றன. ஒரு காலாட்படை டிவிஷனில் ஏறத்தாழ 5000 குதிரைகள் இருந்தன. பீரங்கிகளையும் உணவு வண்டிகளையும் அவையே இழுத்தன.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குத் தானியமும் உலர்ந்த புல்லுமாகச் சுமார் 10 கிலோ தீவனம் வேண்டும். இரட்டைக் குதிரை வண்டியில் 600 கிலோ சரக்கை ஏற்றுவோம். அது நாளுக்கு 30 கிலோமீட்டர் செல்லும். வழியில் புல் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். போர்முனை, ரயில் வந்து நிற்கும் இடத்திலிருந்து 30 கிலோமீட்டரில் இருந்தால், போகவர இரண்டு நாட்கள். குதிரைகள் 40 கிலோவைத் தின்னும். 560 கிலோ படைக்குச் சேரும். போர்முனை 150 கிலோமீட்டரில் இருந்தால் 400 கிலோவே சேரும். 450 கிலோமீட்டர் ஆனாலோ, ஏற்றிய சரக்கு முழுவதும் இழுத்தவற்றின் வயிற்றுக்கே போய்விடும். வண்டிகள் ஓயாமல் ஓடும். படைவீரனுக்கு ஒரு கைப்பிடியும் கிட்டாது!

இதிலிருந்து ஆட்டக்காரன் கற்க வேண்டியது என்ன? தொலைதூரச் சுமையை ரயிலுக்கு விடவேண்டும். ரயில் நிற்கும் இடத்திலிருந்து போர்முனை வரையுள்ள கடைசித் தூரத்தையே குதிரைக்குக் கொடுக்கவேண்டும். ஆதலால் படையை முன்னே தள்ளுவதற்குமுன் இருப்புப் பாதையைச் செப்பனிட்டுக்கொண்டு வருதல் வேண்டும். ரஷ்யத் தண்டவாளங்களின் அகலம் ஜெர்மானியப் பாதையைவிட ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் மிகுதி. அவற்றை மாற்றி அமைக்கும் வேலை பின்தங்கியது; படை முன்னே ஓடிற்று. இடையிலிருந்த வெளியை நிரப்பக் குதிரைகளும் லாரிகளும் திணறின.

குதிரைக்கு உரிய பெருமையையும் மறத்தலாகாது. 1941 அக்டோபர் மழையில் சாலைகள் சேறாகி லாரிகள் அமிழ்ந்தபோது, ரஷ்யக் குடியானவர்களின் சிறு குதிரைகள் இலேசான வண்டிகளை இழுத்துச் சென்றன. மேற்கிலிருந்து வந்த பருத்த குதிரைகளோ மிகுந்த தீவனம் கேட்டன, குளிரையும் தாங்கவில்லை. ஆகவே நிலத்தையும் பருவத்தையும் அறிந்தே குதிரையைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நிறுத்திவைத்த லாரி எரிபொருள் கேட்பதில்லை. நிற்கும் குதிரையோ நாள்தோறும் தின்னும். ஆதலின், 'போர் நகராதபோது இவற்றைப் பின்னே அனுப்பிவிட்டால் தீவனம் மிஞ்சும்' என்ற ஆசை ஆட்டக்காரனுக்கு எழும். ஸ்டாலின்கிராடிலே ஜெர்மானியரின் ஆறாம் படை 1942-இல் அதையே செய்தது. பனிக்காலத்தை முன்னிட்டுப் பெரும்பாலான குதிரைகளை வெகுதூரம் பின்னே அனுப்பிற்று. நவம்பரில் ரஷ்யர் சுற்றி வளைத்தபோது, பீரங்கிகள் இருந்தன. இழுக்கக் குதிரைகள் இல்லை. உள்ளே எஞ்சியிருந்த குதிரைகளும் பசித்த வீரர்களுக்கு இறைச்சியாயின. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிக்கிய அந்த வளையத்திலிருந்து திரும்பியோர் சிலரே.

அந்தப் படையின் தலைவர் பவுலஸ். ரஷ்யப் படையெடுப்பை முன்கூட்டிச் சோதிக்க 1940 டிசம்பரில் வரைபட விளையாட்டை நடத்தியவரும் அவரே. உள்ளே செல்லச் செல்லப் போர்முனை விரியும், உணவும் தளவாடமும் போய்ச் சேர்வது கடினமாகும் என்பது அந்த ஆட்டத்திலேயே தென்பட்டது. ஆயினும் படையெடுப்பு நிற்கவில்லை. 1943 ஜனவரி 31 அன்று அவர் சிறைப்பட்டார்.

மாணவ நண்பர்களே, ஆட்டத்தில் தோற்றால் காய்களை மீண்டும் அடுக்கிக்கொள்ளலாம். போர்க்களத்தில் அது இயலாது. அதனால்தான் ஆட்டத்திலேயே கணக்குப் பார்க்கப் பழகவேண்டும் என்கிறேன். அடுத்த முறை வரைபடத்தில் ஒரு குதிரைப் படையை நகர்த்தும்போது, அது எவ்வளவு தூரம் செல்லும் என்று மட்டும் கேளாதீர்கள். இன்றிரவு அது எங்கே தின்னும், நாளை தேவைப்படும்போது அருகில் இருக்குமா என்றும் கேளுங்கள். அந்த இரு வினாக்களுக்கும் விடை தெரிந்தபின் காயை நகர்த்துங்கள்.