பயற்றங்கொடியில் அசுவினி

மாத்தளை மாவட்டம் வில்கமுவவில் வேலியோரம் பயற்றங்கொடி படரவிட்டிருப்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

இளந்தளிரின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பாக மொய்த்திருப்பது அசுவினி. சாற்றை உறிஞ்சும், வைரசு நோயும் பரப்பும். ஆணின் துணையில்லாமலே, முட்டையிடாமல் நேரே குஞ்சு ஈனும். அதனால்தான் இத்தனை வேகமாகப் பெருகுகிறது. கொடியில் எறும்பு ஏறினாலும் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

உடனே மருந்தடிக்காதீர்கள்! அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் செத்துவிடும். மொய்த்த நுனியைக் கிள்ளி அழியுங்கள். மாலையில் இலையடியில் சவர்க்காரநீர் தெளியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.