பூஜ்யமா, ஒன்றா?



"டெலிகாம்ல என்னப்பா வேலை?" என்று திருவொற்றியூர் மாமா கேட்டால், "பேர் வைக்கிற வேலை மாமா" என்பேன். சிரிப்பார். பாதி உண்மை அதுதான்.

பழைய எக்ஸ்சேஞ்சுக்கும் ஐ.பி. நெட்வொர்க்குக்கும் நடுவில் நிற்கும் பெட்டி மீடியா கேட்வே. ஒரு பக்கம் இ-1 லைன்கள். ஒவ்வொன்றிலும் 32 டைம்ஸ்லாட், வழக்கமாக 30 பேச்சுக்கு. மறுபக்கம் பாக்கெட். பெட்டிக்குச் சொந்த புத்தி கிடையாது. தூரத்துக் கண்ட்ரோலர் எச்.248 மொழியில் "இந்தப் பெயருள்ள முனையை அதோடு சேர்" என்று சொன்னால் சேர்க்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஏரியாவில் ஒரு கட்-ஓவர் இரவு. எட்டு இ-1. கேட்வே அவற்றை 0 முதல் 7 வரை எண்ணியது. கண்ட்ரோலர் டேபிளில் 1 முதல் 8 வரை. டைப் அடித்தவன் நான்தான். சோதனை அழைப்பில் எதிர்முனை எடுத்ததாக லாக் காட்டியது, டிக் போட்டோம். குரல் கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

காலையில் ஒரு அம்மா புகார் கொடுத்தார். "பையன் நம்பர் வருது, எடுத்தா பேச மாட்டேங்கிறான். என்ன கோபமோ!" சிக்னலிங் தனி வழியில் சரியாகப் போனது, மணி அடித்தது. குரல் மட்டும் பக்கத்து இ-1-இல் யாருமில்லாத இடத்துக்குப் போனது. அலாரம் ஒன்றுமில்லை, ஏனென்றால் 1 முதல் 7 வரை பெயர்கள் நிஜமாகவே இருந்தன. எட்டாவதுக்கு மட்டும் 430, அதாவது 'அப்படி ஒரு முனையே இல்லை'. நாங்களோ எட்டாவது கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம்! பெட்டி உண்மையைச் சொல்லியும் கேட்கத் தெரியவில்லை. கடைசியில் எட்டு வரி திருத்தம், பத்து நிமிஷம்.

துறைமுகத்துக் கண்டெய்னர் எண்ணைப் பாருங்கள். நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். ஒரு எண் தப்பினால் பெரும்பாலும் அங்கேயே பிடிபடும். நம் முனைப் பெயருக்கு அந்தக் காவல் இல்லை. அதனால் பூஜ்யமா ஒன்றா என்பதை முதல் நாளே எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். 1 என்பதைவிட 01 நல்லது, வரிசை குலையாது. பெயரில் ஊரைச் சேர்க்காதீர்கள், கார்டு நாளை எண்ணூருக்கே போய்விடும்.

விர்ச்சுவல் கேட்வேக்கும் துறைமுகமே உதாரணம். சென்னைத் துறைமுகத்தில் 2001-இல் ஒரு கண்டெய்னர் டெர்மினல் தனியார் கைக்குப் போனது, 2009-இல் இரண்டாவது வேறு கம்பெனியிடம் தொடங்கியது. துறைமுகம் ஒன்று, நிர்வாகம் இரண்டு. அப்படியே ஒரே பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி அடையாளம், தனி கண்ட்ரோலர் கொடுக்கலாம். ஒரு முனை ஒரு சமயத்தில் ஒரு பகுதிக்குத்தான் சொந்தம். கண்ட்ரோலர் நட்சத்திரக் குறி போட்டு "எல்லாம்" என்றாலும் அதன் பகுதிக்குள் மட்டும்தான் செல்லும்.

தம்பி தங்கைகளே, லேபில் இரண்டு பகுதி பிரித்துப் பாருங்கள். சனிக்கிழமை கூப்பிட்டால் வருகிறேன், டீ உங்கள் செலவு.