கருஞ்சிறுத்தைகளும் சேரிப் பள்ளியும்

(மம்சாபுரத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'கருஞ்சிறுத்தைக் கட்சி' பற்றிப் பேசுமாறு இளைஞர்கள் கேட்டனர். தமிழ் மேடையில் அமெரிக்கன் கதை எதற்கு என்று பெரியவர் ஒருவர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. கதை அமெரிக்காவில் தொடங்கினாலும் முடிவது இந்த ஊரில்தான், ஐயா. சற்றே பொறுத்தருள்க.

1966 அக்தோபரில் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லாந்து நகரில் இயூயி நியூட்டன், பாபி சீல் என்னும் இரு கறுப்பின இளைஞர்கள் அக்கட்சியைத் தோற்றுவித்தனர். காவலர் தம் மக்களைத் துன்புறுத்தாவண்ணம் துமுக்கி ஏந்தித் தெருவில் காவல் நின்றனர். செய்தித்தாள்களுக்கு அந்தத் துமுக்கி ஒன்றே கண்ணில் பட்டது. ஆனால், 1969 சனவரியில் அதே நகரின் கிறித்துவக் கோயில் ஒன்றில் அவர்கள் அடுப்பு மூட்டினர். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு விலையின்றிக் காலையுணவு! அவ்வாண்டு முடியுமுன் பல நகரங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அப்பந்தியில் அமர்ந்தனர். பின்னர் மருத்துவமனைகள் வைத்தனர். கறுப்பினத்தாரை மிகுதியும் வாட்டும் குருதி நோய்க்கு ஆய்வு நடத்தினர். பள்ளியும் நடத்தினர்.

அந்நாட்டு நடுவண் புலனாய்வுத் துறைத் தலைவர் ஊவர் அஞ்சியது எதற்குத் தெரியுமா? அந்தக் காலையுணவுக்கு! கட்சியை ஒடுக்கும் முயற்சிக்கு அதுவே பெருந்தடை என்று 1969இல் தம் அலுவலர்க்கு எழுதினார். துமுக்கி ஏந்தியவனைச் சிறையில் அடைக்கலாம். பசித்த பிள்ளைக்கு உணவிட்டவனை அப்பிள்ளையின் தாய் மறப்பாளா? முப்பதாண்டு கரும்பலகை முன் நின்றவன் நான். முதற் பாடவேளையில் தலைசாயும் பிள்ளை மடியால் சாய்கிறானா, பட்டினியால் சாய்கிறானா என்பது ஆசிரியனுக்குத் தெரியும். நம் நாட்டில் காமராசர் பகலுணவு தந்தார். 2022 முதல் அரசு காலையுணவும் தருகிறது. அங்கே ஒடுக்கப்பட்டோரே தமக்குத்தாமே அதனைச் செய்துகொண்டனர். அக்கட்சியின் குறைகளை நான் மறைக்கவில்லை. உட்பகையும் வன்முறையும் அதனை அரித்தன. அரசின் சூழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. 1982இல் அது முடிந்துபோயிற்று.

அந்தப் பெயர் மட்டும் கடல் கடந்தது. 1972இல் மும்பையில் மராத்திய இளைஞர்கள் 'தலித் சிறுத்தைகள்' ஆயினர். மதுரையில் மலைச்சாமி அவ்வியக்கத்தை நடத்தினார். 1989இல் அவர் மறைந்தபின் திருமாவளவன் பொறுப்பேற்றார். அது 'விடுதலைச் சிறுத்தைகள்' ஆயிற்று. அவர் தொண்டர்க்கெல்லாம் தூய தமிழ்ப்பெயர் சூட்டினார். தம் தந்தையார் இராமசாமியையே தொல்காப்பியன் ஆக்கினார். நாம் மேடையில் மட்டும் முழங்கியதைச் சேரி மக்கள் தம் வீட்டு வாயிலில் எழுதிவைத்தனர்.

ஆனால் இவற்றையெல்லாம் அமெரிக்கனிடம் கற்றோம் என்று எவரும் எண்ணற்க. 'கறுப்பன்' என்னும் வசையை அவர்கள் பெருமைப் பெயராக்கியது 1960களில். நம் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்று தம் இதழுக்குப் பெயர் சூட்டியது 1893 அக்தோபரில்! நான்கு பக்கத் திங்களிதழ்; விரைவில் கிழமை இதழாயிற்று; 1900 வரை நடந்தது. அதே 1893இல், ஐ.சி.எசு. தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் எனப் பேராயக் கட்சியார் கேட்டபோது, அவ்வாறு நடத்தினால் மேற்சாதியாரே ஆட்சியில் அமர்ந்து எம்மை மிதிப்பர் என்று 3412 பேர் கையொப்பத்துடன் 112 அடி நீள முறையீட்டை இலண்டனுக்கு விடுத்தார். அதனை வெள்ளையனுக்கு வால்பிடித்தல் என்பாரும் உளர். கிணற்றில் நீர் முகக்க முடியாதவன் வேறு யாரிடம் முறையிடுவான்? 1924இல் சட்டமன்றத்தில் நின்று, பொதுவழியும் பொதுக்கிணறும் எல்லார்க்கும் உரியன எனத் தீர்மானம் நிறைவேற்றியவரும் அவரே. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று இதழ் தொடங்கினார். அடுத்த ஆண்டு 'தமிழன்' என்பதே அதன் பெயர். ஊர் அவரைத் தமிழர் என ஒப்பாத காலத்தில்!

நான் சொல்ல விழைவது சிதம்பரத்துச் சகசானந்த அடிகளைப் பற்றியே. 1890இல் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. துறவு பூண்டு சிதம்பரம் வந்து, 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். இருபத்தைந்து பிள்ளைகள்தாம். அதே 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்டார். பல்லாவரத்துத் தொண்டை நாம் ஆண்டுதோறும் பாடுகிறோம். சிதம்பரத்துத் தொண்டை எத்தனை முறை நினைத்தோம்? சகசானந்தர் என்னும் பெயர் வடமொழி. அது எனக்கும் உறுத்தும். தொண்டோ தூய தமிழ்த்தொண்டு.

நந்தனார் தீயில் மூழ்கி எழுந்தபின்னரே கோயிலுள் புகமுடிந்தது என்று புராணம் கூறும் ஊர் அது. அவ்வூரிலேயே நந்தனார் பெயரால் பள்ளி! அவர் பிள்ளைகளைத் தீயில் இறங்கச் சொல்லவில்லை. பலகையும் ஏடும் தந்து உட்காரச் சொன்னார். உண்ணவும் உறங்கவும் விடுதி அமைத்தார். பல்லாண்டு சட்டமன்ற உறுப்பினராக இருந்து அங்கும் அம்மக்களின் கல்விக்கே வாதாடினார். 1959 மே முதல்நாள் மறையும்வரை அதுவே அவர்க்கு வாழ்வு. முறையீடும் அடுப்பும் பலகையும் ஒருவர் கையிலேயே இருந்தன.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நாம் தொடங்கவிருக்கும் மாலைப்பள்ளியை முதன்மைத் தெருவில் வைப்பதா, சேரிக் குடியிருப்பில் வைப்பதா என்று ஒரு திங்களாகப் பேசுகிறோம். குடியிருப்பில் வைத்தால் மற்றத் தெருப் பிள்ளைகள் வாரார் என்பது ஒரு தடை. அங்ஙனமாயின் வாராத பெற்றோர் வீட்டுக்கு நாம் போவோம். திண்ணையில் அமர்ந்து, ஏன் என்று கேட்போம். தமிழர் ஓரினம் என்று நேற்றுவரை கைதட்டியவர் என்ன விடை சொல்கிறார் என்று நானும் கேட்க விரும்புகிறேன். முதன்மைத் தெருவில் வைத்தாலோ, குடியிருப்புப் பிள்ளை வாராததை எவரும் கேட்கப்போவதில்லை. ஆகவே பள்ளி குடியிருப்பில்தான் வேண்டும். என் வாக்கு அதற்கே.

நூற்பாலைக்குச் செல்லும் பெற்றோர் வீடு திரும்ப ஆறு மணியாகும்; ஆறரைக்குத் தொடங்கலாம். இலக்கணம் பிறகு, முதலில் பிழையின்றிப் படிக்கக் கற்பிப்போம். பாடத்திற்கு முன் ஆளுக்கொரு கிண்ணம் சுண்டல் வேண்டும். முதல் திங்கள் கடலைச் செலவு என்னுடையது. அவித்துத் தரத் தாய்மாரில் இருவர் பெயர் தருக.