குருதியை அடக்கும் மருந்தும் இருதயமும்



மூக்கு, செவி, தொண்டை முதலிய இடங்களிற் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர், கத்தியை எடுக்குமுன் அவ்விடத்தில் ஒரு மருந்தை ஊசி மூலம் ஏற்றுவதுண்டு. சற்று நேரத்தில் அவ்விடம் வெளிறும். வெட்டினாலும் குருதி அதிகம் கசியாது. அம்மருந்தே அட்ரினலீன்.

நமது உடலே அதனை ஆக்குகின்றது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அதன் பிறப்பிடம். அச்சம் மேலிடும்போது நெஞ்சு படபடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்த செய்தியை 1901இல் யப்பானிய இரசாயன அறிஞர் தகாமினே வெளியிட்டார். 1903இல் ஜேர்மன் சத்திரசிகிச்சை வைத்தியர் பிரவுண், அதனை விறைப்பு மருந்தோடு கலந்து வழங்கும் முறையை விளக்கினார். குருதிக் குழாய்கள் சுருங்குவதனால் விறைப்பும் நீடித்து நிற்கும்.

ஆயின், ஏற்றிய இடத்திலேயே மருந்து முழுவதும் அடங்கிக் கிடக்குமென்று எண்ணலாகாது. அளவு மிகுந்தாலோ, ஊசிமுனை குருதிக் குழாயினுட் புகுந்தாலோ, அது இருதயத்தை எட்டிவிடும். நாடி விரையும், குருதி அமுக்கம் திடீரென உயரும், துடிப்பின் ஒழுங்கு குலையும். சிலரில் சுவாசப்பைகளில் நீர் கோத்துக்கொள்ளும். மயக்கமருந்துக்கும் இதிற் பங்குண்டு. இலேசான குளோரபோம் மயக்கத்தில் அட்ரினலீன் குருதியிற் கலந்தால் இருதயம் நடுங்கி நின்றுவிடக்கூடும் என்பதை, 1911ஆம் ஆண்டளவில் லெவி என்பார் பூனைகளில் ஆராய்ந்து காட்டினார்.

வேறோர் அபாயமும் உண்டு. ஆயிரத்தில் ஒரு பங்கான கரைசலில், ஒரு மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் அட்ரினலீன் உளது. பஞ்சுத் துணியில் நனைத்து மூக்கினுள் வைப்பதற்கு அது பயன்படும். ஊசிக்குரிய கரைசலோ இரண்டு இலட்சத்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம். அதில் 5 மைக்ரோகிராம் மட்டுமே உளது. முன்னையது 200 மடங்கு வலியது. இரண்டும் நீர்போலத் தெளிந்தவை. கண்ணாற் கண்டு பிரித்தறிய இயலாது. ஒன்றிருக்க மற்றொன்றை ஏற்றியதனால் உயிருக்கு ஆபத்து நேர்ந்ததுண்டு.

அவ்வேளையிற் பதற்றமும் கேடு செய்யும். அட்ரினலீனின் வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். உயர்ந்த அமுக்கத்தைக் கண்டு, இருதயத்தின் வலுவைக் குறைக்கும் மருந்தை உடனே கொடுத்தால், குழாய்கள் சுருங்கியபடியே இருக்க இருதயம் மட்டும் தளர்ந்துவிடலாம்.

ஆதலால் ஒவ்வோர் ஊசிக்குழலிலும் மருந்தின் பெயரும் செறிவும் எழுதப்படல் வேண்டும். ஏற்றுமுன் சத்திரசிகிச்சையாளர் அளவை வாய்விட்டுச் சொல்லவேண்டும். மயக்கமருந்து வைத்தியர் அதனைக் கேட்டறிதல் வேண்டும். நோயாளருக்கும் ஒரு கடமை உண்டு. இருதய நோய், குருதி அமுக்கம், நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை வைத்தியரிடம் ஒளியாது கூறுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கலாம்.