கடைசி வரிசைக் கணக்கு



முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்திருக்கும் நான், அங்குள்ள வகுப்பறைகளில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவகைக் குழந்தைகளுக்காக, அயல்நாட்டில் வாழும் தமிழர்களாகிய உங்கள் சபையில் பேச விரும்புகிறேன். திராட்சைப் பெட்டிகளின் எடையையும் விலையையும் கேட்ட மாத்திரத்தில் மனத்திலேயே பெருக்கிச் சொல்லும் புத்தி படைத்த பிள்ளை, அதே கணக்கு நாலு வரி வாக்கியமாக அச்சில் வரும்போது எழுத்துக் கூட்டுவதற்குள்ளேயே களைத்து, தாளை வெறுமையாகக் கொடுத்து, 'சோம்பேறி' என்ற பெயரோடு வீடு திரும்புகிறது. பெற்றோரோ விடியுமுன் ஜீப்பேறிக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று பொழுதடைந்தபின் திரும்புகிறவர்கள். புத்தியின் வேகம் வாசிப்புக் குறையையும், அக்குறை புத்தியையும் மறைத்துவிடுவதால், அவர்கள் கண்ணுக்கும் ஆசிரியர் கண்ணுக்கும் அது சராசரிப் பிள்ளையாகவே தோன்றுகிறது.

கணித மேதை ராமானுஜனுக்கு இத்தகைய குறை இருந்ததென்று நான் சொல்லவில்லை. ஆயினும், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி எப்.ஏ. என்னும் கல்லூரிப் பரீட்சையில் தேறாத அவருக்கு, பட்டமில்லாமையைப் பொருட்படுத்தாது 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்றே, அந்தப் பெருந்தன்மையையே நம் பள்ளிகளிடம் யாசிக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாட்டை அங்கீகரித்திருக்கிறது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கிடைக்கின்றன. நல்லதே. ஆனால் அவை பரீட்சை மண்டபத்தில் கிடைப்பவை. அதற்கு முந்திய பத்தாண்டுகள் என்னாவது?

வாய்பாடு மனத்தில் நிற்கவில்லை என்பதற்காக ஒரு குழந்தையை ஏழாம் வாய்பாட்டிலேயே வருஷக்கணக்கில் நிறுத்திவைப்பது பெரும் அநீதி. வாய்பாட்டு அட்டையைக் கையில் கொடுத்து, கணக்கை ஆசிரியரே வாசித்துக் காட்டி, விடையை வாய்மொழியாகவே பெற்று, அதன் புத்திக்கேற்ற கடினமான வினாக்களுக்கு அதை அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு புளியங்கொட்டையை வைத்து, அதன் மேற்புறமும் வலப்புறமும் அணைத்தாற்போல் மூன்றையும், அப்பால் ஐந்தையும், ஏழையும் அடுக்கச் சொல்லுங்கள். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் நான்கு, ஒன்பது, பதினாறு என வர்க்கங்களே வருவதை ஓர் எழுத்தும் வாசிக்காமல் அது கண்டுகொள்ளும். ஏன் அப்படி வருகிறதென்று அக்கொட்டைகளைத் தொட்டுக்காட்டி அது சொல்லும் காரணத்தை, எழுதிக் காட்டவில்லை என்று தள்ளலாமா? அதுவன்றோ நிரூபணம்!

உங்களில் சிறப்புக் கல்வியில் பயிற்சி பெற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாயகம் வரும்போது மதுரையோடு திரும்பிவிடாமல், தேனி, போடி, உத்தமபாளையம், கம்பம் வரை வாருங்கள். இக்குழந்தைகளை இனங்காணும் முறையை எங்கள் ஆசிரியர்களுக்குத் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். உங்கள் விடுமுறைக் காலமாகிய ஜூலையில் எங்கள் பள்ளிகள் திறந்தே இருக்கும்.