மறைந்த துணைக்கு நாம் செய்யக்கூடியது யாது?

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நெடுங்காலம் உணவின்றி இருந்த ஆதிபகவன் விருஷபதேவருக்கு அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரர் கருப்பஞ்சாறு ஈந்த நன்னாள் இது. இந்நாளில் தானம் பற்றிப் பேசுவது மரபு. விழாக் குழுவினரோ எனக்கு வேறொரு தலைப்பைத் தந்தார்கள். என் துணைவியார் மூளைப் புற்றுநோயால் மறைந்து ஈராண்டு நிறைந்தது. அது கருதியே தந்திருப்பர். இரண்டும் ஒரே பொருள்தான் என்பதே நான் சொல்ல வந்தது.

பிண்டம் இடுதல், எள்ளும் நீரும் இறைத்தல் ஆகியவை நம் சமயக் கொள்கைக்கு உடன்பாடானவை அல்ல. உடலை நீத்த உயிர், காலத்தின் பகுக்கவொண்ணாச் சிறு கூறாகிய சமயம் சிலவற்றுக்குள் அடுத்த பிறவியை எய்திவிடுகிறது என்பது ஆகமம். இறந்தவர் நம் சோற்றுருண்டையை எதிர்நோக்கி எங்கும் காத்திருப்பதில்லை. அறிவுக்கு இது தெளிவு. 31 ஆண்டு உடன் வாழ்ந்தவரை இழந்த நெஞ்சுக்கோ ஏதேனும் செய்தாக வேண்டும் போலிருக்கிறது.

அவருக்கு வந்த நோய் கிளியோபிளாஸ்டோமா என்பது. மூளையின் இடப்பக்கத்தில், மொழிக்குரிய பகுதியை ஒட்டி எழுந்தது. கரண்டியைக் 'கதவு' என்றார்; ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையில் தாமே கற்பித்த அறநெறிச்சாரச் செய்யுளுக்குப் பொருள் சொல்லும்போது இடையில் நின்றார். அகவை முதிர்ச்சி என்றே எல்லோரும் எண்ணினோம். வலிப்பு வந்த பின்னரே எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. இக்கட்டி வேர்நுனிகளைப் போல நல்ல மூளைக்குள்ளும் ஊடுருவி நிற்பதால் கத்தியால் முற்றும் களைய இயலாது. அறுவைக்குப் பின் ஆறு வாரங்களில் 30 முறை கதிர்வீச்சு, அதனுடன் டெமோசோலமைடு மாத்திரை என்பது 2005 முதல் உலகெங்கும் நிலைபெற்ற முறை. அம்முறையிலும் பாதிப் பேர் ஏறத்தாழ 15 திங்களுக்குள் மறைகின்றனர். அவர் 14 திங்கள் இருந்தார்.

கதிர்வீச்சு முடிந்தபின், திங்கள்தோறும் ஐந்து நாள் அம்மாத்திரையை வெறும் வயிற்றில், பெரும்பாலும் உறங்கும் முன் உட்கொள்ளச் சொல்வர். பன்னிரண்டு அகவை முதல் இரவுண்ணா நோன்பு காத்தவர் அவர். 'கதிரவன் மறையும் முன் கொள்ளலாமா?' என்று மருத்துவரை வினவினார். நாள்தோறும் ஒரே நேரமாயின் தடையில்லை என்று மருத்துவர் இசைந்தார். உணவுக்கும் மாத்திரைக்கும் இடைவெளி விட்டு மாலை ஐந்து மணி என வகுத்துக்கொண்டோம். நோய் அவரிடமிருந்து எத்தனையோ எடுத்துக்கொண்டது. அந்த ஐந்து மணியை எடுக்க இயலவில்லை.

சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பிள்ளைகளின் பெயர்கள் போயின. என் பெயரை அவர் எந்நாளும் வாயால் சொன்னவரல்லர்; ஆதலின் அதை மறந்தாரா என்று அறிய எனக்கு வழியில்லாது போயிற்று! ஆயினும் ஐம்பரமேட்டிகளை வணங்கும் மந்திரத்தை நான் தொடங்கினால் அவர் பிழையின்றி முடித்தார். நெடுங்காலம் மனப்பாடமாக ஓதியவையும் பாடியவையும், பேச்சை இழந்தவரிடத்தும் எஞ்சி நிற்பதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். மனப்பாடத்தைப் பழைய முறை என்று எள்ளும் பெற்றோர் இங்கு இருப்பின், இதைச் சற்று நினைவில் இருத்துக.

இறுதி நாட்களில், 'சல்லேகனை என்று அறிவிக்கலாமே' என்றார் ஒருவர். மறுத்தேன். தெளிந்த அறிவோடு, ஆசாரியரின் இசைவு பெற்று, தாமே விரும்பி ஏற்கும் விரதம் அது. அறிவை நோய் கவர்ந்த நிலையில் பிறர் அவர்மேல் சாத்தும் பெயர் அன்று. அவருக்குச் செய்யவேண்டியது வலியைத் தணித்தலும் வாயை நனைத்தலும் உடனிருத்தலுமே. அவற்றைச் செய்தோம்.

இன்னொரு சொல்லையும் கேட்க நேர்ந்தது. 'முன்வினை, அசாதா வேதனீயம்' என்று நோயாளியின் காதுபடவே சொன்னார்கள். இங்குள்ள குடும்பங்கள் பலவும் இதைக் கேட்டிருக்கும். ஆதலின் சற்று நின்று பேச விரும்புகிறேன். இந்நோய் பெரும்பாலோர்க்கு ஏன் வருகிறது என்பதை மருத்துவம் இன்னும் கண்டறியவில்லை. வினைக் கொள்கை அந்த இடைவெளியை நிரப்பிப் பிறரைக் குற்றவாளி ஆக்குவதற்கு அருளப்பட்டதன்று. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் அசாதா வேதனீயம் எதனால் வந்து சேரும் என்று கூறுகிறது: தனக்கோ பிறருக்கோ துன்பமும் சோகமும் அழுகையும் விளைவிப்பதால். எனவே நோயுற்றவர் முன் அச்சொல்லைச் சொல்பவர், எதைப் பற்றிப் பேசுகிறாரோ அதையே தமக்கு ஈட்டிக்கொள்கிறார். ஓலமிட்டு மாய்வோர்க்கும் அதே சூத்திரத்தில் எச்சரிக்கை உண்டு. அது எனக்கு உரியது. மறுதலையாக, உயிர்களிடத்து இரக்கமும் தானமும் சாதா வேதனீயத்துக்குக் காரணம் என்கிறது அடுத்த சூத்திரம். சோகத்துக்கு மறுகரை தானம் என்று நான் கண்டது இங்கேதான்.

அக்கரைக்குச் சென்ற ஒருவரைக் கன்னட நாட்டுச் சமண வரலாறு காட்டுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சாளுக்கியப் படைத்தலைவன் நாகதேவன் மறைந்தபோது, அவன் மனைவியருள் ஒருவரான குண்டமப்பே தீப்புகுந்தார். மற்றொரு மனைவியும் குண்டமப்பேயின் தமக்கையுமான அத்திமப்பே வாழ்ந்தார், மகனை வளர்த்தார். பொன்னகவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் ஏட்டுப்படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம் படி! ரன்னகவி 993-இல் இயற்றிய அஜிதபுராணமும், 1007-இல் லக்குண்டியில் எழுந்த ஜினாலயமும் அவர் ஆதரவின் விளைவே. உலகம் அவரைத் தானசிந்தாமணி என்றது. உடன்கட்டை ஏறுவதே கணவனைப் போற்றும் வழி என்று எண்ணிய காலத்தில், உயிரோடிருந்து ஈந்தவர் அவர். பிற சமயத்தாரிலும் இவ்வழி சென்றோர் உண்டு. பார்சியரான தோராப்ஜி டாட்டா, மனைவி மெஹர்பாயை 1931-இல் இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார்; மறு ஆண்டே, தாம் மறைவதற்குச் சில திங்கள் முன், அவர் நினைவாக அந்நோய் ஆராய்ச்சிக்கு அறக்கட்டளை நிறுவினார்.

நம்மால் இயன்றது சிறிது. கதிர்வீச்சுக் கூடத்தின் வெளியே காத்திருந்த நாட்களில் வந்தவாசி, ஆரணி, சேத்துப்பட்டுப் பக்கத்துக் குடும்பங்களைக் கண்டோம். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். சென்னையில் தங்க இடமின்றிப் பேருந்திலேயே வந்து திரும்பினார்கள். தலைச்சுற்றலோடு அப்பயணம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். மாலைச் சோற்றுக்கு அவர்கள் இருட்டும் முன் வீடு சேர்வதில்லை. 'நம் கீழறை சும்மாதானே கிடக்கிறது' என்றார் என் துணைவியார். அவர் முழுமையாகச் சொல்லி முடித்த கடைசி வாக்கியங்களுள் அதுவும் ஒன்று.

இப்போது அவ்வறை சும்மா இல்லை. இதுவரை 11 குடும்பங்கள் தங்கிச் சென்றன. கதிரவன் மறையும் முன் உணவு, அது ஆகாரதானம். மாத்திரைக்குப் பணம் முட்டுப்படுவோர்க்கு என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதி, அது ஔஷததானம். அச்சத்தோடு வருபவரிடம், என்ன நடக்கும் என்பதை மறைக்காமல் அமைதியாகச் சொல்லி உடனிருக்கிறேன்; அதனை அபயதானம் என்று கொள்வது மிகையாகுமோ என அறியேன். சாஸ்திரதானமாக, அவர் பயன்படுத்திய பாட நூல்களை அலமாரியில் வைத்துள்ளோம். ஒரு சிறுமி தந்தையின் சிகிச்சை முடிவதற்குள் நாற்பது செய்யுள் மனப்பாடம் செய்து சென்றாள்.

ஓர் அறை போதவில்லை. சென்ற தையில் இரு குடும்பங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்றைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. சென்னையில் வீடுடைய நம்மவர் ஆண்டில் ஆறு வாரம் மட்டும் ஓர் அறையை ஒதுக்க இயலுமாயின், அறக்கட்டளை அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். கீழ்த்தளமாக இருத்தல் நலம். நோயாளரால் படியேற இயலாது. சமையலுக்கு ஆள் வேண்டியதில்லை, அடுப்பு இருந்தால் போதும். பதிவேடு இன்று மாலை வரை வாயிலருகே உள்ள மேசையில் இருக்கும்.