மண்ணுக்குள் இருக்கும் தூண்கள்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கட்டடத் திறப்பு விழாவில் நாம் சுவரைப் பார்க்கிறோம், கூரையைப் பார்க்கிறோம். அவற்றைச் சுமக்கும் பைல்களை யாரும் பார்ப்பதில்லை. மேல்மண் இளகலாக உள்ள இடங்களில், கெட்டியான மண்ணையோ பாறையையோ எட்டும்வரை இறக்கப்படும் கான்கிரீட் தூண்களே பைல்கள்.

அவை எட்டாவிட்டால் என்ன நேரும்? ஹாங்காங்கின் ஷா டின் பகுதியில், முப்பது மாடிக்கு மேல் எழுந்த இரண்டு குடியிருப்புக் கட்டடங்கள் சீரில்லாமல் அமிழ்ந்தன. பைல்கள் நீளம் குறைந்தவை என்று 1999-ல் தெரியவந்தது. யாரும் குடியேறுமுன்பே அவற்றை இடிக்க வேண்டியதாயிற்று.

புதைந்ததை எப்படிச் சோதிப்பது? பைலின் தலையில் ஓர் உணர்கருவியை ஒட்டி, கைச்சுத்தியலால் தட்டுகிறார்கள். அதிர்வு வினாடிக்குச் சுமார் 4,000 மீட்டர் வேகத்தில் கான்கிரீட்டில் இறங்கி, அடிமுனையில் பட்டுத் திரும்புகிறது. 20 மீட்டர் பைலில் இதற்கு நூறில் ஒரு வினாடி ஆகும். கணினி அதைக் கோடாக வரைந்து காட்டும். எதிரொலி பாதி நேரத்திலேயே வந்தால், 10 மீட்டர் ஆழத்தில் முறிவு இருக்கலாம்.

இந்தச் சோதனை, பைல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லாது. அதற்குப் பெரிய எடையைப் பைல்மேல் விழவிட்டு, விசையையும் வேகத்தையும் கணினியில் பதிகிறார்கள். 1964-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்கிய ஆராய்ச்சியில் வளர்ந்த முறை இது.

ஆகவே, நம் காணிக்கையால் பைல்மேல் எழும் கட்டடம் எதுவானாலும், சுவர் எழுமுன் சோதனை அறிக்கையைக் கேட்போம். அப்போது குறை தெரிந்தால் பக்கத்திலேயே வேறு பைல் இறக்கலாம். கட்டி முடித்தபின் தெரிந்தால் கொடுத்ததெல்லாம் வீணாகலாம்.